முதலில் விரல் போடுகிறவள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மனசுக்குள் மட்டும் எப்போதும் அவள் என்றுதான் வரும். இங்கே மனசுக்குள் வருவதையே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டர். பெங்களூரில் நாங்கள் இருக்கிற ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். எங்களுக்கு நான்காவது மாடி. ஆபரேஷன் நோயாளிகள் இருக்கிற மாடி. படுக்கை மாற்றுவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, பெட்பேன் வைப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எங்கள் வேலை. ஆறு பேர் இருந்தோம், ஆறு பேரும் காண்டிராக்ட். அந்த வருஷம், எங்கள் மாடியில் ஒருவரை மட்டும் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். பர்மனென்ட் ஆனால் குடும்பத்துக்கும் அங்கேயே வைத்தியம். என் கணவருக்குச் சர்க்கரை, காலில் ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. அவளோ கணவன் இல்லாமல் மகளை நர்சிங் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஆக, இரண்டு பேருக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் யார் பெயரை எழுதிக் கொடுக்கிறாரோ அவருக்குத்தான்.

எங்கள் மாடிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கொரோனா நேரத்தில் ஆரம்பித்தது. வார்டுக்குள் போய்ப் போய்ச் சொல்ல முடியாது என்று சிஸ்டர் அதில் வேலையைப் போட ஆரம்பித்தார். கொரோனா போய்விட்டது, குழு போகவில்லை. ‘406 பெட்ஷீட்’ என்று வரும். யார் போகிறீர்கள் என்று கன்னடத்தில், ‘எக்ஸ்ரே, யாரு ஹோக்தீரா?’ என்று வரும். யார் முதலில் கட்டைவிரல் படத்தைப் போடுகிறார்களோ, அந்த வேலை அவர்களுடையது. மற்றவர்கள் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம். மாதக் கடைசியில் சிஸ்டர் குழுவை மேலே தள்ளிப் பார்த்து, யார் எத்தனை வேலை எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்வார்.

முதல் விரல் எப்போதும் அவளுடையதுதான்.

அவள் போன் இப்போதும் கண்ணில் நிற்கிறது. மூலையில் உடைந்து, ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டரால் ஒட்டப்பட்டது. யூனிஃபார்ம் பாக்கெட்டில் திரை வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பாள். பெட்பேனை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறுகையால் விரல் போடுவாள். லிஃப்டில் போடுவாள். வாயில் இட்லி இருக்கும்போது போடுவாள். சில நேரம் செய்தியை முழுக்கப் படிக்காமலேயே போட்டுவிடுவாள் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் போட்டபிறகு போகாமல் இருந்தாள் என்று ஒருநாளும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஏமாற்றுக்காரியாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

நான் பத்தாவது வரைதான். போனில் ஒரு வரி எழுத எனக்கு ஒரு நோயாளியைக் குளிப்பாட்டுகிற நேரம் ஆகும். அதோடு, பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் எதைப் போடவும் எனக்குக் கூச்சம். கல்யாண வீட்டில்கூட நான் சாம்பார் வேண்டும் என்று கேட்காமல் எழுந்துவிடுகிறவள்.

ஒருநாள் 409-ல் ஒரு பெரியவர் வாந்தி எடுத்துவிட்டார். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன், உடனே போனேன். கையில் கிளவுஸ். அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, ஷீட்டை உருவிக்கொண்டிருந்தபோது என் பாக்கெட்டில் போன் இரண்டு முறை அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் வேகமாக உள்ளே வந்தாள்.

“அய்யே, நீ இங்க இருக்கியா? நான் கேன்டீன்லேர்ந்து ஓடியாரேன்.”

“முடிஞ்சிட்சுக்கா.”

“முடிஞ்சிட்சுன்னு போட்டியா?”

“கையில கிளவுஸ் இருக்குது.”

“கழட்டிட்டுப் போடு. வாயில்லாதவளுக்கு விரலுமா இல்ல?” என்று சிரித்தாள். புது ஷீட்டின் ஒரு முனையை என்னோடு பிடித்து விரித்தாள். பிறகு கட்டிலை ஒரு போட்டோ எடுத்து, ‘409 ஆயித்து சிஸ்டர்’, முடிந்துவிட்டது என்று, குரலில் பேசி அனுப்பினாள். அந்தப் போட்டோவில் என் இடது கை மட்டும் தெரிந்தது. சிஸ்டர் கைதட்டல் போட்டார். டூட்டி டாக்டர் பூ போட்டார்.

“போடாத வேலை செய்யாத வேலை” என்பாள். அதை அவள் திமிராகச் சொல்லவில்லை, எனக்குப் புத்தி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு அழுக்கு ஷீட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் குரல் வேறு. அவள் எழுதமாட்டாள், பேசித்தான் அனுப்புவாள். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் நடுவில் போய், உருதுவில் முடிப்பாள். நர்ஸ்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை போட்டுக் கேட்பார்கள். 402-ல் ஒரு கன்னடக்காரர் இருந்தார், முன்னாள் பஸ் டிரைவர், குடலில் ஆபரேஷன். சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளிடம் மட்டும் சாப்பிடுவார். அவளுக்கு லீவு வந்த அன்று நான் கஞ்சியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் குழுவில் விஷயத்தைப் போட்டாள். வீட்டிலிருந்தே அவள் குரல் வந்தது. ‘தாத்தா, ஊட்டா மாடி, சாப்பிடுங்க. பஸ் டிப்போலேயே நின்னுட்டா பேசஞ்சருக்கு யார் பதில் சொல்றது?’ நான் போனை அவர் காதில் வைத்தேன். அவர் சிரித்து வாயைத் திறந்தார். மறுபடியும் போடு என்று கை காட்டினார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒருமுறை போட்டேன். கிண்ணம் காலியாகும்வரை என் கையிலிருந்து அவள் குரலைத்தான் அவர் சாப்பிட்டார்.

அன்று மாலை கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானும் ஒன்று பேசிப் பார்த்தேன். ‘சிஸ்டர், 402 சாப்பிட்டுட்டார்’ என்று மட்டும். கேட்டுப் பார்த்தால் யாரோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

பர்மனென்ட் பேச்சு வந்த பிறகு நானும் ஒரு முடிவு எடுத்தேன். எது வந்தாலும் முதல் விரல் நான் போடுவது. போனை யூனிஃபார்மின் மேல் பாக்கெட்டில், அவள் மாதிரியே வைத்தேன். அடுத்த நாள் காலை போன் அதிர்ந்ததும் எடுத்தேன், அழுத்தினேன். முதல் விரல். என் பெயர். சந்தோஷம் தாங்கவில்லை. பிறகுதான் படித்தேன். இன்சார்ஜ் சிஸ்டரின் மாமியார் காலையில் இறந்துவிட்டாராம்.

என்ன செய்வது என்று தெரியாமல் ஷீட் அடுக்குகிற லினன் அறையில் நின்றேன். அதற்குள் அவள் குரல் குழுவில் வந்துவிட்டது. “சிஸ்டர், அது தப்பா பட்டன் பட்டுட்சு. பாவம், அவ அழுதுட்டு நிக்கிறா. மனசுல வெச்சுக்காதீங்க.” பிறகு என்னைத் தேடிக்கொண்டு லினன் அறைக்கே வந்தாள்.

“குடு இங்க போனை. இத பாரு, போட்டது மேல விரலை வெச்சு அழுத்திப் புடி. எல்லாருக்கும் அழின்னு வரும். அவ்ளோதான். அழிஞ்சிட்சா?”

“அழிஞ்சிட்சு.”

“நாம போட்டதா இருந்தா இங்க இன்னொண்ணு இருக்கும் பாரு. யார் யார் பாத்தாங்க, எத்தினி மணிக்குப் பாத்தாங்கன்னு காட்டும். அடியில இருக்கிறவங்க மொதல்ல பாத்தவங்க. மாமியார் செத்ததுக்கு விரல் போட்டவ இந்த பெங்களூர்லயே நீ ஒருத்திதான்டி.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் அழவில்லை என்பதும், அழுகிறேன் என்று அவளே குழுவில் சொல்லிவிட்டாள் என்பதும் எனக்குள் முள்ளாக நின்றது. சிஸ்டர் திரும்பி வந்ததும் என்னைப் பார்த்துப் பரிதாபமாகப் புன்னகைத்தார். என் மன்னிப்பைக்கூட அவளே கேட்டு முடித்திருந்தாள்.

ஆபரேஷன் போர்டைப் போட்டோ எடுத்துப் போடுகிற வழக்கமும் அவள் கொண்டுவந்ததுதான். முன்பு ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் தள்ளிப்போனது எங்களுக்குத் தெரியாமல், சாயங்காலம் வரை தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தோம். அந்த அம்மா மயங்கிவிட்டார். மறுநாளிலிருந்து அவள் காலை ஏழரைக்கு நர்ஸ் மேஜைக்குப் பின்னால் இருக்கிற வெள்ளை போர்டை ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போட ஆரம்பித்தாள். நோயாளியின் பெயர், வயசு, அறை, என்ன ஆபரேஷன், எல்லாம் அதில் இருக்கும். அதற்குப் பிறகு அப்படி ஒரு தப்பு நடக்கவே இல்லை. பெரிய டாக்டர் ஒருவர் ரவுண்ட்ஸில் நின்று, “யாருடைய ஐடியா இது?” என்று கேட்டார். எல்லோரும் அவளைக் காட்டினார்கள். நானும் காட்டினேன்.

இன்னொரு குழுவும் இருந்தது. எங்கள் பகுதி மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்காகத் தெருப் பெண்கள் சேர்ந்து வைத்திருந்த குழு. அறுபது பேருக்கு மேல். அதில் நானும் இருந்தேன், அவளும் இருந்தாள். எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கிற அக்காவும் இருந்தாள்.

அந்தத் தையல் அக்கா அதிகம் பேசமாட்டாள். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, அளவெடுக்கும்போது எண்களை மட்டும் முணுமுணுப்பாள். அந்த ஆடியில், அத்திபெலேயில் தங்கை வீட்டுக்குப் போகிறேன், பத்து நாள் ஆகும், அவசரத் தையல் இருந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்து நான் 411-க்குள் நுழைந்தால், கட்டிலில் தையல் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். மார்பில் கட்டி. ஒரு பக்கத்தை எடுக்க வேண்டுமாம்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தெருவுல யாருக்கும் தெரிய வேணாம்மா. எல்லாருக்கும் அளவெடுக்கிறவ நான். அப்புறம் அவங்க என்னை அளவெடுப்பாங்க.”

“நான் யார்கிட்ட சொல்லப்போறேன்” என்றேன். அவளிடமும் தையல் அக்கா இதையே கேட்டிருந்தாள். அவளும் சத்தியம் செய்திருந்தாள்.

மறுநாள் காலை அவளுக்கு அவசரம். முதல் கேஸுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள வேண்டும், ஆபரேஷன் தியேட்டருக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. ஓடுகிற ஓட்டத்தில் போர்டைப் போட்டோ எடுத்தாள், அனுப்பினாள், போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள், உடை மாற்றப் போனாள். நான் மருந்து அறை வாசலில் நின்றிருந்தேன். என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்தேன். மணி 7.36.

போர்டு. ஆனால் அது எங்கள் மாடிக் குழுவில் வரவில்லை, கூழ்க் குழுவில் வந்திருந்தது. ஆடி மாதம் என்பதால் இரண்டு குழுவும் போனில் மேலே அடுத்தடுத்து இருந்தன. மூன்றாவது வரியில் தையல் அக்காவின் பெயர், வயசு, 411, என்ன ஆபரேஷன் என்று பெரிய எழுத்தில்.

அவள் போட்டதை அவள்தான் அழிக்க முடியும். அவள் அப்போது உடை மாற்றும் அறையில் இருந்தாள். எனக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் இருபது அடிகூட இல்லை. “அக்கா, தப்பா போட்டுட்ட” என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். லாக்கரைத் திறந்து, விரலை வைத்து அழுத்தி அழித்திருப்பாள். யாரும் பார்த்திருக்கமாட்டார்கள், காலை நேரம், தெருவில் எல்லோரும் தண்ணீருக்கும் டிபனுக்கும் ஓடுகிற நேரம்.

நான் நின்றேன். யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நேரத்தில் என் மனசில் இருந்தது ஒன்றுதான்: ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவள் தப்பு செய்ததை எல்லோரும் பார்க்கட்டும். தையல் அக்காவின் முகம் என் நினைவுக்கு வரவே இல்லை. உடை மாற்றும் அறையிலிருந்து அவள் பச்சை உடையில் வெளியே வந்தாள். என்னைப் பார்த்து, “இன்னாடி செலையாட்டம் நிக்கிற? 405-க்கு எனிமா குடுத்தாச்சா?” என்றாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு தியேட்டர் கதவுக்குள் போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

எட்டு மணிக்கு ஒரு பெண், ‘இது நம்ம டெய்லர் அக்கா பேர் மாதிரி இருக்குதே’ என்று எழுதினாள். இன்னொருத்தியின் மகள் காலேஜில் படிக்கிறவள். அவள் இங்கிலீஷில் இருந்ததற்கு அர்த்தம் சொன்னாள். கும்பிடுகிற கைகள் வரிசையாக வர ஆரம்பித்தன. எட்டரை மணிக்குத் தையல் அக்காவின் தம்பி போனை நீட்டிக்கொண்டு நர்ஸ் மேஜைக்கு வந்தார். அப்போது அவருடைய அக்கா மயக்கத்தில் இன்னொரு தியேட்டருக்குள் இருந்தாள்.

ஒன்பதே முக்காலுக்கு அவள் முதல் கேஸை முடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அதற்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. லாக்கரைத் திறந்து போனை எடுத்தாள். நான் தண்ணீர் பில்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் போட்டோவின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். உடனே அழிக்கவில்லை. திரையை மேலே தள்ளித் தள்ளி எதையோ படித்துக்கொண்டு போனாள். அடிவரைக்கும் போனாள். அங்கே நின்றாள். பிறகுதான் அழித்தாள். தலையைத் தூக்கி என்னைத் தேடவில்லை.

மதியம் கீழே ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜரும் இன்சார்ஜ் சிஸ்டரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றிருந்தாள். ஜோகுபாளையத்துக்காரி என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“ரெண்டு மணி நேரம் அந்த போட்டோ அதுல இருந்திருக்கு. அந்த குரூப்ல நம்ம ஸ்டாஃப் வேற யாராவது இருக்காங்களா? யாரும் உன்கிட்ட சொல்லலியா?” என்று மேனேஜர் கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. நோயாளியின் கட்டிலைப் பார்த்து எதை முதலில் செய்யலாம் என்று யோசிக்கிற பார்வை.

“இவ இருக்கிறா சார். ஆனா இவ வேலை நேரத்துல போனை எடுத்துப் பாக்குறவ இல்ல. செய்யிறதைச் செஞ்சிட்டுப் பேசாம போவா. 409-ல அன்னைக்குப் பண்ணது இவதான், நான் போட்டோ மட்டும்தான் போட்டேன். சிஸ்டருக்குத் தெரியாது. தப்பு என்னோடது மட்டும்தான்.”

சிஸ்டர் என்னை அப்போதுதான் முதல்முறை பார்க்கிற மாதிரி பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். காலையில் திறக்காத வாய், மதியமும் திறக்கவில்லை.

அன்றே அவளைக் குழுவிலிருந்து எடுத்தார்கள். வாரக் கடைசியில் வேலையிலிருந்தும் எடுத்தார்கள். நோயாளி விவரம் எதையும் வாட்ஸ்அப்பில் போடக் கூடாது என்று லிஃப்டில் காகிதம் ஒட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருவரைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். போன் பார்க்காமல் வேலை செய்கிற பெண் என்று சிஸ்டர் என் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்.

தையல் அக்கா வீட்டுக்கு வந்தபோது தெருவே ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனது. நானும் போனேன். “எல்லாரும் நல்லவங்கதாம்மா” என்றாள் மெதுவாக. “ஆனா யாரும் என் மொகத்தைப் பாத்துப் பேச மாட்டேங்கிறாங்க.” பேசும்போது முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். என் கண்ணும் அங்கேதான் போனது. அடுத்த வருஷம் கடையை மூடிவிட்டுத் தங்கை ஊருக்கே போய்விட்டாள்.

வேலை போன பிறகு அவளை நான் மறுபடி பார்த்தது மூன்று வருஷம் கழித்து, சந்தாபுராவில். என் சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே ஒரு சின்ன நர்சிங் ஹோம். அதன் படியிலிருந்து வேறு நிற யூனிஃபார்மில் இறங்கி வந்தாள். இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் நேராக வந்தாள்.

“வீட்டுக்காரர் கால் எப்படி இருக்குது?”

“ஆறிட்சுக்கா. நம்ம ஆஸ்பத்திரியிலதான் பாத்தாங்க.”

“பர்மனென்ட் ஆனா அது ஒரு வசதி” என்றாள். மகள் ஓசூரில் நர்ஸாக இருக்கிறாளாம். இங்கே பன்னிரண்டு கட்டில்தான், வேலை குறைவு என்றாள். மூன்று வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அக்கா, நான் போன் பாக்க மாட்டேன்னு ஏன் சொன்ன அன்னைக்கு? நான் பாத்தது உனக்குத் தெரியும்தானே.”

“ஏழு முப்பத்தாறு” என்றாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

“நான் சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப. சிஸ்டர் கால்ல விழுந்திருப்ப. என்கிட்டயும், அந்த டெய்லரம்மாகிட்டயும் மன்னிப்பு கேட்டிருப்ப. அப்புறம் வீட்டுக்குப் போயி நல்லா தூங்கியிருப்ப.”

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. புதிதாக வேலைக்கு வந்தவளுக்கு ஷீட் மடிக்கச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னாள். பிறகு என் புடவை முந்தானையில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தட்டிவிட்டு, “உன் பஸ் வருது, முன்னாடி ஏறு, பின்னாடி கூட்டமா இருக்கும்” என்றாள்.

ஏறினேன். இடம் கிடைத்தது. அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். மன்னிப்புக் கேட்கவாவது வாயைத் திறந்திருக்கலாம் என்று பொம்மசந்திரா தாண்டும்போது நினைத்தேன். ஆனால் அவள் எதிரே நின்றிருந்தபோது என் மனசில் ஓடியது அது இல்லை. மூன்று வருஷமாக ராத்திரி பகலாக யோசித்தும் எனக்குச் சொல்ல வராததை, இவள் நின்ற இடத்தில் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டாளே என்றுதான் ஓடியது.